முதல் டொக்குக்கு அர்த்தம் இல்லை

கேக் அக்காவுக்கு இந்த உலகத்தில் குழம்பாத இடம் என்று ஒன்று உண்டென்றால், அது கேக்கின் மேல்பரப்புதான். மற்ற எல்லா இடத்திலும் அவள் குழம்பினாள். வீட்டுக்குப் போகிற பஸ் என்று நினைத்து எதிர்த்திசை பஸ்ஸில் ஏறி, கடைசி நிறுத்தம் வரைக்கும் போய், “இன்னிக்கு என்ன வீடு வரவே மாட்டேங்குது” என்று பக்கத்தில் இருந்தவரிடம் அலுத்துக்கொண்டவள் அவள். வலது பக்கம் எது என்று கேட்டால், காற்றில் ஒரு எழுத்து எழுதிப் பார்த்துவிட்டு, எழுதிய கையை நீட்டுவாள். அவள் கணவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். “எங்க வீட்டம்மாவுக்கு மேல, கீழன்னு ரெண்டு பட்டன் வெச்சா அதுல ஒண்ணு அதிகம்” என்று சொல்லிச் சொல்லி, சிரிக்க ஆள் இல்லாவிட்டாலும் தானே சிரித்துக்கொள்வான்.

ஆனால் கோனை அவள் கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும். கோன் என்றால் க்ரீம் அடைத்த கூம்புப் பை. நுனியில் சின்னதாக ஒரு தகர மூக்கு இருக்கும். அந்த மூக்கை மேஜையில் ஒரே ஒரு தடவை டொக்கென்று தட்டுவாள். உள்ளே சிக்கிய காற்று வெளியே போய்விடும். தட்டாமல் ஆரம்பித்தால் பாதிப் பெயரில் க்ரீம் துப்பிவிடும். அதற்குப் பிறகு கை பாட்டுக்கு ஓடும். எழுத்து முத்து முத்தாக வந்து உட்காரும். இந்த டொக் அவள் ரத்தத்தோடு கலந்துபோயிருந்தது. கையெழுத்துப் போடப் பேனா எடுத்தாலும் டொக். ஊசியில் நூல் கோக்கப் போனாலும் டொக். ஏன் என்று கேட்டால் பேந்தப் பேந்த விழிப்பாள்.

அவள் கேக்கில் பெயர் எழுதும் பேக்கரிக்கு எதிரே ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அதன் டெலிபோன் ஆபரேட்டர் நாலு மணி இடைவேளையில் தெருவைக் கடந்து வருவான். பிறவியிலேயே பார்வை இல்லாதவன். ரொட்டி வெந்து இறங்கும் வாசனையை வைத்தே எந்தத் தட்டு புதிது என்று சொல்லிவிடுவான். கடையில் எல்லாருக்கும் அவன் ஆபரேட்டர் சார். அக்காவுக்கு மட்டும் தம்பி.

ஒருநாள் அவன் பன்னைக் கடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

“அக்கா, உங்களுக்குக் கணக்கு தெரியுமா?”

“ஐயோ, சுத்தமாத் தெரியாது தம்பி. பத்தாவதுல கணக்குலதான் கோட்டை விட்டேன்.”

“ரொம்ப நல்லதாப் போச்சு” என்றான் அவன், மனம் நிறைந்து.

அக்காவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தன் கணக்கைப் பற்றி யாரும் இதுவரை நல்லது என்று சொன்னதில்லை.

விஷயம் இதுதான். பார்வையற்றோர் பள்ளியில் கணக்கு வாத்தியார் ஆக வேண்டும் என்பது தம்பியின் ஆசை. அதற்குப் பயிற்சியில் சேர ஒரு பரீட்சை. வயது வரம்பு இருந்ததால் இதுதான் கடைசி வாய்ப்பு. இந்தத் தடவையும் போனால் ஆயுள் முழுக்க, “இதோ லைன் தர்றேன்” என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். பரீட்சையில் கேள்வியை வாய்விட்டுப் படிக்கவும், அவன் சொல்லும் விடையை எழுதவும் ஒரு ஆளை அவனே கூட்டி வரலாம். அந்த ஆள் கணக்குப் படித்திருக்கக் கூடாது, ரகசியமாக உதவி செய்துவிடுவார் என்று பயம். போன தடவை கூட்டிப்போன ஆள் குறி ஒவ்வொன்றுக்கும், “இது ஏதோ கொக்கி, இது ஏதோ கோடு” என்று படித்துத் தம்பியைக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டான்.

“எனக்கு மட்டும் எப்படித் தம்பி தெரியும்? நானும் கொக்கி, கோடுன்னுதான் சொல்வேன்.”

“சொல்லுங்க. ஆனா நீங்க சொன்னதையே திரும்ப அதே மாதிரி சொல்வீங்கல்ல? உங்க எழுத்தும் அச்சடிச்ச மாதிரி இருக்கும்னு முதலாளி சொல்றாரு. வாங்கக்கா.”

முடியாது என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். சரி என்று வந்துவிட்டது. அவளுக்கு எப்போதும் இப்படித்தான்.

வீட்டில் சொன்னபோது கணவன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். “தெரியாத வேலைக்கு ஆள் தேடினா உன்னைத்தானே கூப்பிடணும்! சரியான ஆளைத்தான் பிடிச்சிருக்காரு.” பிறகு அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்து, “பாவம், அந்தத் தம்பி உன்னை நம்பியிருக்கு. பார்த்துப் பண்ணு” என்றான். அந்த இரண்டாவது பேச்சுதான் அன்று இரவு அவளைத் தூங்க விடவில்லை.

அடுப்புக்குப் பின்னால் மாவு மூட்டை அடுக்கும் அறையில் பாடம் நடந்தது. யார் யாருக்குப் பாடம் நடத்தினார்கள் என்று கேட்காதீர்கள், அதிலும் குழப்பம்தான். முதல் கணக்கே காலை வாரியது. அவள் புத்தகத்தைப் பார்த்துப் படித்தாள்: “ரெண்டு கூட்டல் மூணு பெருக்கல் நாலு.”

“பதினாலு” என்றான் தம்பி.

பின்பக்கம் புரட்டி விடையைப் பார்த்தாள். இருபது என்று இருந்தது.

“தப்பு தம்பி.”

“பெருக்கலைத்தான் முதல்ல செய்யணும்க்கா. முந்நாலு பன்னிரண்டு, ரெண்டு பதினாலு. அங்க வேற ஏதாவது இருக்கா?”

“ஒண்ணுமில்ல. ரெண்டுக்கு முன்னால பிறை நிலா மாதிரி ஒண்ணு, மூணுக்குப் பின்னால அதையே திருப்பிப் போட்ட மாதிரி ஒண்ணு. அழகுக்குப் போட்டிருக்காங்க.”

தம்பி தலையில் அடித்துக்கொண்டான். அந்தப் பிறைக்குள் இருப்பதை முதலில் முடித்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டுமாம். ரெண்டும் மூணும் அஞ்சு. அஞ்சு நாலு இருபது. கேக்கைச் சுற்றிப் போடும் பூ பார்டர் மாதிரி ஒரு பொருட்டில்லாத வளைவு, ஆறு எண்ணிக்கையை ஏற்றிவிட்டுச் சாதுவாக நிற்கிறதே என்று அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒவ்வொரு தடவையும் “அடைப்புக்குறி திறக்குது, அடைப்புக்குறி மூடுது” என்று சொல்லிப் பார்த்தார்கள். அந்தச் சொற்களின் நடுவே எண்கள் தொலைந்தன. அவளுக்கும் நாக்குக் குழறியது. கடைசியில் தம்பிதான் சொன்னான், “வாயால வேணாம்க்கா. மேஜையில தட்டுங்க. ஒரு தட்டுன்னா திறக்குது. ரெண்டு தட்டுன்னா மூடுது.”

அருமையான யோசனை. அக்கா புத்தகத்தை எடுத்தாள், பேனாவை எடுத்தாள், டொக்கென்று தட்டினாள், எளிய கூட்டல் ஒன்றைப் படித்து முடித்தாள். தம்பி காத்திருந்தான். இன்னும் காத்திருந்தான்.

“மூடவே இல்லையேக்கா.”

“நான் எதையும் திறக்கவே இல்லையே தம்பி!”

“டொக்குன்னு திறந்தீங்களே?”

“அதுவா... அது ஒண்ணுமில்ல. காத்துப் போறதுக்கு.”

“எந்தக் காத்து?”

பேனாவில் ஏது காற்று? அவளுக்கே அப்போதுதான் உறைத்தது. தட்டாமல் இருக்க முயன்றாள். கை மறந்துவிடும், மறக்காத நாளில் வாய் திக்கும். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. கடைசியில் தம்பி சமாதானத்துக்கு வந்தான்: முதல் டொக்குக்கு அர்த்தம் இல்லை. அது அக்கா டொக். இரண்டாவதிலிருந்துதான் கணக்கு.

அடுத்தது வர்க்கமூலக் குறி. கொக்கிக்கு மேல் ஒரு கூரை நீண்டிருக்கும். அந்தக் கூரைக்குக் கீழே ஒன்பது மட்டும் இருந்து, பதினாறு வெளியே நனைந்துகொண்டிருந்தால் விடை பத்தொன்பது. ஒன்பதும் பதினாறும் இரண்டுமே கூரைக்குள் வந்துவிட்டால் விடை அஞ்சு. அக்கா இதை நம்பவில்லை. ஒரு கோடு கொஞ்சம் நீளமானதற்கா பத்தொன்பது அஞ்சாகும்? கழுதை தேய்ந்து கட்டெறும்பானது போல் இருக்கிறதே! தம்பி பொறுமையாக இரண்டையும் கூட்டி, இருபத்தஞ்சாக்கி, அது ஐயஞ்சு என்று காட்டினான். காட்டிய பிறகும் அவளுக்குப் புரிந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் கூரையை விடக் கூடாது என்று மட்டும் புரிந்தது. கூரை எதுவரை நீள்கிறதோ அதுவரை மேஜையில் நகத்தைச் சர்ரென்று இழுத்துக்கொண்டே படிப்பது என்று அவள்தான் வழி கண்டுபிடித்தாள். நகம் நின்றால் கூரை முடிந்தது.

பெயர் தெரியாத குறி வந்தால் பட்டர் பேப்பரில் க்ரீமால் அதை வரைந்து நீட்டுவாள். தம்பி விரலால் தடவிப் பார்த்துப் பெயரைச் சொல்லுவான். பிறகு விரலைச் சப்பிக்கொள்வான். “இவ்வளவு இனிப்பா நான் கணக்குப் படிச்சதே இல்லக்கா.” பிரெய்ல் புள்ளியெழுத்தில் அவன் எல்லாக் குறியையும் படித்தவன்தான், ஆனால் கண்ணுள்ளவர்கள் போடும் உருவத்தை அன்றுதான் முதன்முதலாகத் தொட்டான். ஒரே நீளத்தில் இரண்டு க்ரீம் கோடுகள். அவன் விரல் அதன்மேல் இரண்டு தடவை போய்வந்தது.

“சமக்குறியா இது? கதையாத்தான் கேட்டிருக்கேன். அந்தக் காலத்துல குறியே கிடையாதுக்கா. முழுக் கணக்கையும் கதை மாதிரி வார்த்தையிலேயே எழுதுவாங்களாம். ஒருத்தர் ‘இதுக்கு அது சமம், இதுக்கு அது சமம்’னு எழுதிச் சலிச்சுப்போய், ஒரே நீளத்துல ரெண்டு கோடு போட்டாராம். இதைவிடச் சமமா ரெண்டு பொருள் உண்டான்னு கேட்டாராம்.”

“நியாயம்தானே. அப்ப கூட்டல்? எனக்குக் கூட்டல் தெரியும், கல்யாணக் கேக்குல ரெண்டு பேருக்கு நடுவுல போடுறது.”

“‘அதோட இதுவும்’னு அர்த்தம் வர்ற ஏதோ பழைய சொல்லை வேகவேகமா எழுதி, அது தேஞ்சு தேஞ்சு இப்படி ஆச்சுன்னு சொல்றாங்க.”

“கழித்தல்?”

“அது உறுதியா யாருக்கும் தெரியாது.”

“இந்தக் கொக்கி?”

“ஒரு எழுத்துலேருந்து வந்ததுன்னு சில பேர் சொல்றாங்க. இல்லைன்னும் சில பேர் சொல்றாங்க.”

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. “எங்கேருந்து வந்ததுன்னே தெரியாம இத்தனை பேரை ஃபெயிலாக்கினாங்களா?” பத்தாம் வகுப்பு கணக்கு டீச்சரின் முகம் நினைவுக்கு வந்தது. அந்த அம்மாவுக்கும் தெரிந்திருக்காது என்று நினைக்க ஆறுதலாக இருந்தது.

வகுத்தல் குறியின் கதைதான் அவளுக்குப் பிடித்தது. நடுவில் கோடு, மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி. முன்னொரு காலத்தில் ஏடு படி எடுக்கிறவர்கள், சந்தேகமான வரிக்குப் பக்கத்தில் அதைப் போட்டு வைப்பார்களாம். “அப்ப அது என் குறிதான்” என்றாள். “என் நெத்தியிலேயே போட்டு வெச்சிருக்கலாம்.” இன்னொரு நாள் மேலே ஒன்று கீழே இரண்டாக மூன்று புள்ளி வந்தது. “இதை நான் எல்லாக் கேக் மூலையிலயும் வைப்பேனே!” என்றாள். அதற்கு ‘ஆகவே’ என்று அர்த்தமாம். இத்தனை வருஷமாக ஊரார் பிறந்தநாளில் எல்லாம் ஆகவே, ஆகவே என்று எழுதி அனுப்பியிருக்கிறாள். எதனால் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பரீட்சைக்குத் தனி அறை கொடுத்திருந்தார்கள். ஒரு மேஜை, மூன்று நாற்காலி, தலைக்கு மேல் முனகும் மின்விசிறி. மூன்றாவது நாற்காலியில் கண்காணிப்பாளர் அம்மா. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஈ பறந்தாலும் குறித்துக்கொள்வேன் என்பது போல உட்கார்ந்திருந்தாள். மணி அடித்தது. அக்கா வினாத்தாளை விரித்தாள். டொக். பிறகு இன்னொரு டொக். நகம் சர்ரென்று ஓடியது.

“நிறுத்துங்க!”

அக்காவின் நகம் பாதிக் கூரையில் நின்றது.

“என்ன இது, தட்டுறீங்க, கீறுறீங்க? விடைக்குச் சைகையா?”

“விடையே எனக்குத் தெரியாதும்மா” என்றாள் அக்கா. சத்தியமான வார்த்தை. ஆனால் சொன்ன விதத்தில் திருடி சொன்னது போல இருந்தது.

“அதெல்லாம் வேண்டாம். இருக்கறதை வாயால படிங்க. மேஜையில கை படக் கூடாது.”

வாயால் படித்தாள். அடைப்புக்குறி திறக்கிறது, உள்ளே வர்க்கமூலம், அதன் கூரைக்குள்ளே ஒன்று, இல்லை, கூரை இன்னும் முடியவில்லை, இப்போது முடிந்தது, எங்கே விட்டேன்? தம்பி திரும்பப் படிக்கச் சொன்னான். திரும்பப் படித்தபோது வேறு மாதிரி வந்தது. மூன்றாம் தடவை கூரையும் அடைப்பும் ஒன்றுக்குள் ஒன்று போய்விட்டன. தம்பியின் நெற்றியில் வியர்வை பூத்தது. அதுதான் அவளைக் கொன்றது. கடிகாரம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. என்னால் ஒரு மனுஷன் வாழ்க்கை போகிறதே என்று நினைத்தபோது எழுத்தெல்லாம் கலங்கின. அழுகை வந்துவிட்டது. அழுகையோடு, எங்கிருந்தோ, ஆங்காரமும் வந்தது.

“நீங்களே ஒரு தடவை படிச்சுக் காட்டுங்கம்மா. நான் பார்த்துக் கத்துக்கறேன்.”

கண்காணிப்பாளர் அம்மா வெடுக்கென்று தாளை வாங்கினாள். கம்பீரமாக ஆரம்பித்தாள். இரண்டாவது அடைப்பில் குரல் இறங்கியது. கூரைக்கு வந்தபோது நின்றுவிட்டாள். “ஒன்பது... இல்ல, இதுவும் சேர்ந்து... அதாவது, இதெல்லாம் உள்ள வருது” என்றபோது, அவள் சுட்டுவிரல் அவளை அறியாமல் தாளின் மேல் கோடு இழுத்துக்கொண்டிருந்தது. அந்த விரலை அவளே பார்த்தாள். அக்காவும் பார்த்தாள்.

“என்ன எழவு இது, எனக்கே தலை சுத்துது” என்றாள் அந்த அம்மா, மனுஷியாகி. எழுந்து வெளியே போய்த் தலைமை அதிகாரிக்குப் போன் செய்துவிட்டு வந்தாள். தட்டலாம், கீறலாம், ஆனால் எந்தச் சத்தத்துக்கு என்ன பொருள் என்று விடைத்தாளின் முதல் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும், அதில் இல்லாத சத்தம் எழக் கூடாது என்று உத்தரவு.

கணக்கில் கோட்டை விட்ட அக்கா, கணக்குக்குக் குறி எழுத உட்கார்ந்தாள். ஒரு தட்டு: அடைப்புக்குறி திறப்பு. இரண்டு தட்டு: மூடல். நகக் கீறல்: கூரை உள்ளவரை. முத்து முத்தாக எழுதி முடித்து, வினாத்தாளை எடுத்து, டொக்.

“இது எதுக்கு? திறப்பா?”

“இல்லம்மா. இது... ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குத் தட்டறீங்க?”

“தெரியலம்மா. தட்டலைன்னா ஆரம்பிக்க வராது.”

கண்காணிப்பாளர் அம்மா தம்பியைப் பார்த்தாள். “ஆமாங்க” என்றான் தம்பி, வெகு பணிவாக. “அது இல்லாம எனக்கும் இப்ப கணக்கு ஆரம்பிக்காது.”

“சரி, அதையும் எழுதித் தொலைங்க.”

எழுதினாள். முதல் தட்டு: அர்த்தம் இல்லை. கீழே கண்காணிப்பாளர் அம்மா கையெழுத்துப் போட்டாள்.

அதற்குப் பிறகு அறையில் டொக்கும் சர்ரும்தான். தம்பி மடமடவென்று சொன்னான், அவள் எழுதினாள், எழுதியது என்ன என்று ஒரு வரிகூட அவளுக்குத் தெரியாது. கடைசிக் கேள்வியின் பாதியில் மணி அடித்துவிட்டது. வெளியே வந்ததும் அவள் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, “என்னாலதான் தம்பி, என்னாலதான்” என்று அழுதாள். முடிவு வரும்வரை அவள் எழுதிய கேக்குகளில் இரண்டு தவறான வீட்டுக்குப் போயின. ஒன்றில் குழந்தையின் பெயருக்குப் பதில் தாத்தாவின் பெயர் இருந்தது.

தம்பி தேறிவிட்டான். தட்டுத் தடுமாறித்தான், விளிம்பில்தான். ஆனாலும் தேறியது தேறியதுதான். சொல்ல வந்தவனுக்கு அக்கா ஒரு சின்னக் கேக்கை நீட்டினாள். அதில் இரண்டு கோடு மட்டும் போட்டிருந்தாள். விரலால் தடவிப் பார்த்தான். சப்பிக்கொள்ள மறந்துவிட்டான்.

பயிற்சி முடிந்து, அந்த நகரத்துப் பார்வையற்றோர் பள்ளியிலேயே கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு, அவன் வேறு ஊர்ப் பள்ளிக்கு மாற்றலாகிப் போனான். எப்போதாவது போன் வரும். “இதோ லைன் தர்றேன்” என்று அக்கா கிண்டல் செய்வாள். அவ்வளவுதான் என்று நினைத்திருந்தாள்.

சில வருஷம் கழித்து, அவன் முதலில் வேலை பார்த்த நகரத்துப் பள்ளியின் ஆண்டு விழாவுக்குப் பெரிய கேக் ஒன்றுக்கு ஆர்டர் வந்தது. கொண்டுபோகிற ஆள் லீவு. முதலாளி அவளையே அனுப்பினார். ஆட்டோ குலுங்கிய குலுங்கலில் கடைசி எழுத்து நசுங்கியிருந்தது. நல்லவேளை, கோனைக் கையோடு எடுத்துப் போயிருந்தாள். வழக்கம்போல் வழி தவறி, தவறான மாடியில் ஏறி, தாழ்வாரத்தில் திருதிருவென்று நின்றபோது அந்தச் சத்தம் கேட்டது. டொக். டொக். சர்ர்ர். டொக் டொக்.

கதவருகே போய் நின்றாள். பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஆரம்பிக்கும் முன் மேஜையில் ஒரு தட்டு. முன்வரிசைப் பெண்ணிடம் குனிந்து கேட்டாள்.

“அந்த முதல் தட்டு எதுக்கும்மா?”

“அதுக்கு அர்த்தம் கிடையாதுங்க. ஆனா அது இல்லாம கணக்கு ஆரம்பிக்காது.”

“யாரு சொன்னா?”

“எங்க சீனியர் அக்காங்க. அதெல்லாம் ரொம்பப் பழசு. எங்கேருந்து வந்ததுன்னு யாருக்கும் தெரியாது.”

வகுப்பு டீச்சர் வந்தாள். நசுங்கிய எழுத்தைப் பற்றிச் சொன்னதும், “இங்கயே வெச்சுச் சரி பண்ணுங்க, நான் கத்தியும் தட்டும் எடுத்துட்டு வர்றேன்” என்று கேக்கை முன்மேஜையில் வைக்கச் சொல்லிவிட்டுப் போனாள். அக்காவுக்குச் சந்தோஷமா பயமா என்று சொல்லத் தெரியவில்லை. கோனை எடுத்தாள். நினைக்காமலேயே கை தட்டிவிட்டது.

டொக்.

வகுப்பு அடங்கிப்போனது. எல்லாப் பிள்ளைகளும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அத்தனை முகங்களும் அவள் பக்கம் திரும்பின, கேட்பதற்கு.

“சொல்லுங்க டீச்சர்” என்றது ஒரு குரல்.

டீச்சரா! இது கணக்கு இல்லை கண்ணு, கேக்கு என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். ஆனால் கோனைக் கீழே வைத்துவிட்டு, மேஜையில் நகத்தை ஊன்றி இழுத்தாள். “ஒன்பது” என்றாள். நகத்தை எடுக்கவில்லை. “கூட்டல்.” எடுக்கவில்லை. “பதினாறு.” பதினாறும் பத்திரமாகக் கூரைக்குள் வந்த பிறகுதான் நிறுத்தினாள்.

“அஞ்சு!” என்று வகுப்பே கத்தியது.

அந்த ஒரு விடை அவளுக்குத் தெரியும். “சரி” என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, நசுங்கிய எழுத்தைச் சரிசெய்யக் குனிந்தாள்.